வீட்டுப் பத்திரத்தை வங்கியில் கொடுக்குமுன்: படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவை மாதக் கணக்கில் எண்ணிப் பார்க்கும் வழி

பாளையங்கோட்டையில் ஒரு வங்கிக் கிளையில், கல்விக் கடன் மேசையில் பதினோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மே, ஜூன் மாதங்களில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து வந்து எதிரே உட்காருவார்கள். பிள்ளை கையில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் இருக்கும், அப்பா கையில் மஞ்சள் பைக்குள் வீட்டுப் பத்திரம் இருக்கும். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போட்டு விற்கும் ஒருவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "சார், படிப்பு ஒரு வருசம். அதுக்கப்புறம் ரெண்டு வருசம் வேலை பாக்க விசா நிச்சயம்னு சொல்லியிருக்காவ. அதுக்குள்ள பய கடனை அடைச்சிருவாம்லா?"

அன்று அவருக்கு நான் முழுப் பதில் சொல்லவில்லை. கடன் விதிகளைச் சொன்னேன், விசா என் வேலை இல்லை என்று விட்டுவிட்டேன். விசாவின் மாதங்களையும் கடனின் மாதங்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்காமல் வீட்டை ஈடு வைக்கக் கூடாது என்பது பிறகுதான் எனக்கே உறைத்தது. 2024-லிருந்து அந்த விசாக்கள் ஒவ்வொரு நாட்டிலும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஊரில் இன்னும் பழைய கணக்கைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

படி 1: நான்கு விசாக்களைப் பிரித்துப் பாருங்கள்

"விசா கிடைச்சிட்டு" என்று வீட்டில் சொல்வது படிப்பு விசாவை மட்டும்தான். படித்து முடித்ததும், வேலை கொடுப்பவர் யாரும் இல்லாமலே கொஞ்ச காலம் தங்கி வேலை பார்க்க விடுவது இரண்டாவது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. ஒரு கம்பெனி நமக்காகப் பொறுப்பேற்றுக் கொடுக்கும் வேலை விசா மூன்றாவது. அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி நான்காவது. ஒன்று கிடைத்தால் அடுத்தது தானாக வரும் என்று எந்த நாட்டுச் சட்டமும் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனித் தகுதி உண்டு.

இரண்டாவது விசா படிப்பை முடித்த பிறகுதான் கேட்கப்படுகிறது என்பது முக்கியம். நாம் கடன் வாங்கும் நாளில் இருக்கும் விதி, பிள்ளை விண்ணப்பிக்கும் நாளில் இருக்கும் என்று உறுதி இல்லை. பழைய ஆட்களுக்குச் சலுகை கொடுத்து மாற்றும் நாடும் உண்டு, விண்ணப்பிக்கும் தேதியை மட்டும் பார்க்கும் நாடும் உண்டு. ஆகவே எந்த நாட்டைப் பற்றிப் படித்தாலும் "எந்தத் தேதியை வைத்து விதி பொருந்தும்?" என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

படி 2: போக நினைக்கும் நாட்டின் இன்றைய விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிரிட்டனில் தொடங்குகிறேன், நம் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு வருட முதுநிலைப் படிப்புக்கு அதிகம் விசாரிப்பது அங்கேதான். 2012-இல் ஒருமுறை மூடிவிட்ட வசதியை 2021 ஜூலை 1-ஆம் தேதி 'கிராஜுவேட் ரூட்' என்ற பெயரில் மறுபடி திறந்தார்கள். இளநிலை, முதுநிலை முடித்தவர்களுக்கு 2 வருடம், முனைவர் பட்டத்துக்கு 3 வருடம். 2025 மே மாதம் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் இதைக் குறைக்கப் போவதாகச் சொல்லி, அக்டோபரில் விதியாகவே கொண்டுவந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதம்தான். முனைவர் பட்டத்துக்கு அதே 3 வருடம்.

இதில் பலர் தவறவிடுவது தேதி விஷயம். எப்போது படிப்பில் சேர்ந்தோம் என்பதை வைத்துக் கணக்கு இல்லை. கிராஜுவேட் விசாவுக்கு விண்ணப்பம் போடும் நாளை வைத்துத்தான். 2025 செப்டம்பரில் ஒரு வருட முதுநிலையில் சேர்ந்த பிள்ளைக்கு 2026 செப்டம்பரில் படிப்பு முடியும். தேர்வுக் குழு கூடி முடிவை உறுதி செய்து, 'வெற்றிகரமாக முடித்தார்' என்று பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்த பிறகுதான் விண்ணப்பம் போட முடியும். அது அக்டோபரிலும் நடக்கும், டிசம்பர் வரையும் இழுக்கும். டிசம்பர் 31-க்குள் விண்ணப்பம் போய்விட்டால் 2 வருடம். ஒரு நாள் தள்ளினால் 18 மாதம். ஆய்வேட்டைத் தாமதமாகக் கொடுப்பதும், ஒரு பாடத்தைத் திரும்ப எழுதுவதும் இப்படி ஆறு மாத விசாவைத் தின்றுவிடும். உங்கள் பிள்ளை இப்போது அங்கே இருந்தால் இன்று ராத்திரியே போன் போட்டுக் கேளுங்கள்: "தேர்வுக் குழு என்னைக்குக் கூடுது? உள்துறைக்கு எப்ப சொல்லுவாங்க?" பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டால் பதில் சொல்வார்கள்.

2026 ஜனவரியிலோ அதற்குப் பிறகோ முதுநிலையில் சேர்ந்தவர்கள் 18 மாதம் என்றே வைத்துத் திட்டம் போடுங்கள்.

கட்டணத்தையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் விண்ணப்பக் கட்டணம் 880 பவுண்டு ஆனது. அதோடு மருத்துவக் கூடுதல் கட்டணம் வருடத்துக்கு 1,035 பவுண்டு, மொத்தக் காலத்துக்கும் ஒரே தடவையில். அந்தக் கணக்கில் 2 வருடத்துக்கு இரண்டும் சேர்ந்து 2,950 பவுண்டு, நம் பணத்தில் மூன்று லட்சத்துக்கு மேல். படிப்பு முடிந்து கையில் காசே இல்லாத மாதத்தில் இது வரும். கடன் தொகையில் யாரும் இதைச் சேர்ப்பதில்லை.

விண்ணப்பிக்கும்போது பிள்ளை பிரிட்டனுக்குள் இருக்க வேண்டும், படிப்பு விசா உயிரோடு இருக்க வேண்டும், முடிவு வரும்வரை வெளியே கிளம்பக் கூடாது. கிளம்பினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாக ஆகிவிடும். தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம் என்று டிசம்பரில் டிக்கெட் போட்டுக் கூப்பிடும் வீடுகள் நம்மிடம் நிறைய. முடிவு வர எட்டு வாரம் வரை ஆகும் என்று அரசே சொல்கிறது. முகூர்த்தம் குறிக்கும்போது அதையும் பஞ்சாங்கத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

அந்த 18 மாதத்துக்குள் அநேகமாக எந்த வேலையும் பார்க்கலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம். ஆனால் இந்த விசாவை நீட்டிக்க முடியாது. மேலும் இருக்க வேண்டுமென்றால் கம்பெனி பொறுப்பேற்கும் 'ஸ்கில்டு வொர்க்கர்' விசாவுக்கு மாற வேண்டும். 2025 ஜூலை 22 முதல் அதற்கான சம்பள வரம்பு பொதுவாக வருடத்துக்கு 41,700 பவுண்டு. படிப்பு விசாவிலிருந்தோ கிராஜுவேட் விசாவிலிருந்தோ மாறும் புதியவர்களுக்கு 33,400 பவுண்டு. அந்த வேலைக்கென்று வகுத்த சம்பள விகிதம் இன்னொரு அளவுகோல். இரண்டில் எது அதிகமோ அது. வேலையும் பட்டப்படிப்புத் தரத்தில் இருக்க வேண்டும். முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை அதே நாளில் நிறுத்திவிட்டார்கள். "ஹோட்டல்ல, கடையில வேலை பாத்தே ஒட்டிக்கிடலாம்" என்று சொல்கிறவர்களுக்கு இந்த வரம்புகளைக் காட்டுங்கள். அந்த வேலையில் விசா மாறாது.

கனடாவின் விதி வேறு மாதிரி முடிச்சு. அங்கே இதன் பெயர் பி.ஜி.டபிள்யூ.பி. படிப்பின் நீளத்தைப் பொறுத்து 8 மாதம் முதல் 3 வருடம் வரை. முதுநிலை குறைந்தது 8 மாதம் இருந்தாலே 3 வருடம் என்று 2024 பிப்ரவரியில் தாராளமாக்கினார்கள். ஆனால் கல்லூரிச் சான்றிதழ், டிப்ளமோ பக்கம் கதவைச் சாத்திவிட்டார்கள். 2024 நவம்பர் 1-க்குப் பிறகு படிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தவர்களில், பட்டம் தராத படிப்புகளில் சேர்ந்தவர்களுக்கு, அந்தப் படிப்பு அரசின் பட்டியலில் இருந்தால்தான் இந்த அனுமதி. மருத்துவம் சார்ந்தவை, கைத்தொழில் சார்ந்தவை, அறிவியல் தொழில்நுட்பம், கல்வி என்று ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளே பட்டியலில் உள்ளன. நம் பிள்ளைகள் பி.காம். முடித்துவிட்டு அதிகம் தேடும் பொதுவான வணிக நிர்வாக டிப்ளமோக்கள் அதில் இல்லை. 2025 ஜூனில் 178 படிப்புகளைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள், பத்தே நாளில் ஜூலையில் மறுபடி சேர்த்தார்கள். பட்டியல் அவ்வளவு ஆடுகிறது. ஆகவே படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கும் நாளில் உங்கள் படிப்பின் எண் பட்டியலில் இருப்பதைப் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பெயரைப் பார்க்காதீர்கள், 'சி.ஐ.பி.' என்ற ஆறு இலக்க எண்ணைப் பாருங்கள். அதைக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தனியார் கல்லூரி ஒன்று அரசுக் கல்லூரியின் பாடத்தை உரிமம் வாங்கி நடத்தும் வகுப்புகள் 2024 மே 15-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குத் தகுதியே இல்லை.

இன்னொரு பொறி ஆங்கிலத் தேர்வு. கனடாவில் பட்டம் பெற்றவர்களுக்கு அந்நாட்டு மொழி அளவுகோலில் தரநிலை 7 வேண்டும்; ஐ.இ.எல்.டி.எஸ்.-இல் நான்கு பிரிவிலும் தலா 6. சேர்க்கைக்கு எழுதிய அகாடமிக் தேர்வு இதற்குச் செல்லாது. ஜெனரல் டிரெய்னிங் தேர்வைத் தனியாக எழுத வேண்டும், மதிப்பெண் இரண்டு வருடத்துக்குள் வந்ததாக இருக்க வேண்டும். "நான்தான் ஏழரை வாங்கியிருக்கனே" என்று அகாடமிக் தேர்வுச் சான்றை நீட்டினால் எடுக்க மாட்டார்கள்.

படிப்பு முடிந்த கடிதம் வந்ததிலிருந்து 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே தடவைதான் தருவார்கள். எட்டு மாதச் சான்றிதழ் படிப்புக்கு இதைச் செலவழித்துவிட்டுப் பிறகு முதுநிலை படித்தால் மறுபடி கிடையாது. பாஸ்போர்ட் எந்தத் தேதிவரை இருக்கிறதோ அதுவரைக்கும்தான் அனுமதி எழுதுவார்கள். இதைப் படி 4-இல் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவான சப்கிளாஸ் 485-இல் 2024 ஜூலை 1 முதல் வயது வரம்பு 50-லிருந்து 35-க்கு இறங்கியது. ஆய்வு முதுநிலை, முனைவர் பட்டத்துக்கு மட்டும் 50 வரை. பிள்ளை பெற்று வளர்த்துவிட்டு முப்பத்தைந்து தாண்டி மேல்படிப்புக்கு யோசிக்கும் செவிலியரும் ஆசிரியரும் பாளையங்கோட்டையில் நிறையப் பேர். அவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும், முடிவை மாற்றிக்கொள்ள. மற்றவர்களுக்கு நம் நாட்டோடு செய்த பொருளாதார ஒப்பந்தம், 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது, ஓரளவு காப்பாற்றுகிறது. பொதுவாக முதுநிலைக்கு 2 வருடம் என்று குறைத்தபோதும் இந்தியக் குடிமக்களுக்கு 3 வருடம், முனைவருக்கு 4 வருடம் என்பது நிற்கிறது. ஆங்கிலத்தில் மொத்தம் 6.5, ஒவ்வொரு பிரிவிலும் 5.5, தேர்வு விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் எழுதியதாக இருக்க வேண்டும். படிப்பு முடிந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்த விசாவில் இருந்துகொண்டே மறுபடி மாணவர் விசா கேட்கும் பழக்கத்தையும் தடுத்துவிட்டார்கள். படிப்பு விசாவின் கட்டணமே 2025 ஜூலையில் 2,000 ஆஸ்திரேலிய டாலர் ஆகிவிட்டது. விசா மறுத்தாலும் அது திரும்பாது.

அமெரிக்காவில் மாணவர் விசாவிலேயே படிப்புக்குப் பின் வேலை பார்க்க விடும் ஓ.பி.டி. 12 மாதம், அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம். படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்து 60 நாள் வரை விண்ணப்பிக்கலாம். முதல் வருடத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருந்தால் தகுதி போய்விடும். அதற்குப் பிறகு கம்பெனி பொறுப்பேற்கும் எச்1பி வேலை விசா. அதற்கு வருடம் 65,000 இடம், அமெரிக்காவில் முதுநிலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000 இடம். அது குலுக்கல் என்று எல்லாருக்கும் தெரியும். சம்பள நிலை உயர்ந்தவர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு என்று 2026-இல் மாற்றியிருக்கிறார்கள், படித்து முடித்த புதியவர்களுக்கு இது பாதகம். 2025 செப்டம்பரில் அறிவித்த ஒரு லட்சம் டாலர் கட்டணம் வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகப் போடும் புதிய விண்ணப்பங்களுக்கு. அமெரிக்காவுக்குள்ளேயே மாணவர் நிலையிலிருந்து மாறுகிறவர்களுக்குப் பொருந்தாது என்று அக்டோபரில் விளக்கம் கொடுத்தார்கள். ஆனாலும் அந்தக் கட்டணத்தைக் கேட்டே கம்பெனிகள் பின்வாங்கக் கூடும். ஓ.பி.டி.யின் 12 மாதத்தை மட்டும் உறுதி என்று வையுங்கள், மீதியை வந்தால் லாபம் என்று வையுங்கள்.

ஜெர்மனியில் வேலை தேடும் காலம் 18 மாதம், பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க விடும் முடக்கக் கணக்கில் வருடத்துக்கு 11,904 யூரோ போட வேண்டும், 2022 நவம்பர் முதல் நம் மாணவர்களுக்குப் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றும் வேண்டும். கடன் சிறியதாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் வீடுகளுக்கு நான் முதலில் சொல்வது ஜெர்மனிதான், ஜெர்மன் மொழியை இங்கேயே பி1 என்ற நடுத்தர நிலை வரை படிக்கப் பொறுமை இருந்தால். அயர்லாந்தில் முதுநிலைக்கு 24 மாதம் வரை.

படி 3: இரண்டு காலண்டரையும் ஒரே தாளில் எழுதுங்கள்

இதைத்தான் அந்தக் கல்லிடைக்குறிச்சிக்காரருக்கு நான் அன்றே செய்து காட்டியிருக்க வேண்டும்.

கடன் 25 லட்சம் என்று வைப்போம். வட்டி 10.5 சதவீதம், தவணைக் காலம் 10 வருடம். பிள்ளை 2026 செப்டம்பரில் பிரிட்டனில் ஒரு வருட முதுநிலையில் சேர்கிறான். பெரும்பாலான வங்கிகளில் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் அந்த இரண்டு வருடமும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முழுத் தொகையும் தொடக்கத்திலேயே வாங்கியதாக வைத்தால் தனிவட்டியாகவே 5.25 லட்சம். ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 30.25 லட்சம், மாதத் தவணை சுமார் 40,800 ரூபாய்.

இப்போது தேதிகள். படிப்பு 2027 செப்டம்பரில் முடியும். முடிவு வந்து, விண்ணப்பம் போட்டு, கிராஜுவேட் விசா கைக்கு வர 2028 ஜனவரி என்று வைப்போம். 18 மாதம் என்றால் 2029 ஜூலையில் முடிகிறது. முதல் தவணை 2028 அக்டோபரில். அக்டோபர் முதல் ஜூலை வரை எண்ணுங்கள்: பத்தே பத்துத் தவணை. 4 லட்சத்து 8 ஆயிரம் ரூபாய். மீதி 110 தவணை விசா முடிந்த பிறகு. பழைய 2 வருட விதியாக இருந்தாலும் 2030 ஜனவரி வரை 16 தவணைதான் வந்திருக்கும். 'ரெண்டு வருசத்துல அடைச்சிரலாம்' என்ற பேச்சு விதி மாறுவதற்கு முன்பே சரியில்லை. இப்போது அது இன்னும் சுருங்கிவிட்டது.

அடுத்து, அந்த 110 தவணையைத் திருநெல்வேலியில் இருந்தே கட்ட முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். அப்பாவின் வருமானம், அம்மாவின் வருமானம், பிள்ளை ஊர் திரும்பி இங்கே வாங்கக்கூடிய சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 40,800 போக வீடு ஓடுமா? ஓடும் என்றால் தைரியமாக அனுப்புங்கள். ஓடாது என்றால் கடனைக் குறையுங்கள், நாட்டை மாற்றுங்கள், இல்லை இரண்டு வருடம் இங்கே வேலை பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். தவணை தொடங்கும்வரை அந்த இரண்டு வருடமும் வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்ட முடிந்தால் அசல் 25 லட்சத்திலேயே நிற்கும், தவணை சுமார் 33,700-க்கு இறங்கும். பத்து வருடத்தில் இது பெரிய வித்தியாசம்.

படி 4: ஊரிலேயே முடிக்க வேண்டிய காகிதங்கள்

முதலில் பாஸ்போர்ட். பதினெட்டு வயதுக்கு முன் எடுத்ததாக இருந்தாலோ, படிப்பும் வேலை விசாவும் முடிவதற்குள் காலாவதி ஆகுமென்றாலோ, கிளம்புமுன் புதுப்பித்துவிடுங்கள். திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது, மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ். கனடாவில் 3 வருட அனுமதிக்குத் தகுதி இருந்தும் பாஸ்போர்ட் 14 மாதத்தில் முடிவதால் 14 மாதத்துக்கே வாங்கி, பிறகு நீட்டிக்க அலைய வேண்டிய நிலை வேண்டாம்.

அடுத்தது பெயர். நம் ஊரில் இதுதான் பெரிய தலைவலி. 'இசக்கிமுத்து' என்ற பெயரை பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு ஆங்கில எழுத்தில் தொடங்கியிருப்பார்கள், ஆதாரில் வேறு எழுத்தில். 'சுடலைமுத்து'வின் கடைசி உயிரெழுத்து ஒன்றில் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. முன்னெழுத்தை ஒரு இடத்தில் விரித்து அப்பா பெயராக எழுதியிருப்பார்கள், இன்னொரு இடத்தில் ஒற்றை எழுத்தாக விட்டிருப்பார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியவில்லை என்று அச்சாகி, வங்கிக் கணக்கு தொடங்குவதிலிருந்து சம்பளம் வரை பின்தொடரும். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே இதைச் சரிசெய்வது நல்லது. பள்ளிச் சான்றிதழில் இருக்கும் எழுத்துக்கூட்டலையே மூலமாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள்.

மதிப்பெண் பட்டியல் நகல்களை உறையிட்டு முத்திரையோடு வாங்க வேண்டியிருக்கும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு அபிஷேகப்பட்டி. பொறியியல் என்றால் பெரும்பாலும் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம். பிள்ளை வெளிநாடு போன பிறகு இதற்கு அப்பா அலைவது சிரமம், ஐந்தாறு பிரதி கூடுதலாக வாங்கி வையுங்கள்.

படி 5: வங்கியில் கேட்க வேண்டியவை

மத்திய அரசின் பி.எம். வித்யாலக்ஷ்மி கல்விக் கடன் திட்டத்தைக் கேள்விப்பட்டு வெளிநாட்டுப் படிப்புக்கு வருகிறார்கள். அது உள்நாட்டின் தேர்ந்த நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு மட்டும். வெளிநாட்டுக்கு வங்கிகளின் சாதாரணக் கல்விக் கடன்தான். அரசு வங்கிகளில் 7.5 லட்சத்துக்கு மேல் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை எல்லாம் தயாராக ஒரு மாதம் பிடிக்கும். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் இரண்டு போகமும் விளையும் நஞ்சை கையில் இருந்தாலும், கடன் தவறினால் ஈட்டுச் சொத்தை வங்கியே எடுக்க விடும் சர்ஃபாசி சட்டத்தில் விவசாய நிலத்தின் மேல் நடவடிக்கை எடுக்க முடியாததால் வங்கிகள் அதை ஈடாக எடுக்கத் தயங்கும். வீடோ மனையோதான் கேட்பார்கள். அந்த ஆத்திரத்தில் நஞ்சையை வந்த விலைக்கு விற்காதீர்கள். படி 3-இன் தாளை இன்னொருமுறை பாருங்கள்.

மேசையில் உட்கார்ந்ததும் இதைக் கேளுங்கள்: தவணை விடுமுறை படிப்பு முடிந்த நாளிலிருந்து எத்தனை மாதம்? வேலை தாமதமானால் நீட்டிப்பீர்களா, அதற்கு என்ன காகிதம் வேண்டும்? விசா விண்ணப்பக் கட்டணத்தையும் மருத்துவக் கட்டணத்தையும் கடனில் சேர்க்க முடியுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கல்விக் கடன் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் டி.சி.எஸ். வரி 2025 ஏப்ரல் 1 முதல் இல்லை. சொந்தப் பணமென்றால் வருடத்துக்கு 10 லட்சம் வரை இல்லை. பழைய வரி முறையில் இருப்பவர்கள் வட்டிக்கு எட்டு வருடம் வரை வருமான வரியில் கழிவு பெறலாம்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் வீட்டுப் பிள்ளைகள் கடனை யோசிக்குமுன் மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தையும், மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையையும் பார்க்க வேண்டும். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். இவற்றுக்குத் தகுதியிருந்தும் தெரியாமலே என் மேசைக்கு வந்தவர்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கும்.

படி 6: ஆலோசகரிடம் போகும்போது

வண்ணார்பேட்டையிலும் ஜங்ஷனிலும் வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை மையங்கள் இருக்கின்றன. நல்ல ஆட்கள் உண்டு. ஆனால் இப்படிப்பட்ட மையங்களுக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே தரகு கொடுக்கிறது. நீங்கள் சேர்ந்தால்தான் அவர்களுக்கு வருமானம். வேலை விசா விதி அவர்கள் விளம்பரத் தாளில் எந்த வருடத்தியது என்று பாருங்கள். "இந்தப் படிப்புக்கு எத்தனை மாத வேலை விசா, எந்த விதியின்படி, இன்றைய தேதி போட்டு மின்னஞ்சலில் அனுப்புங்க தம்பி" என்று கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

விசா ஆலோசனைக்கென்று காசு கொடுப்பதானால் அந்த நாட்டில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பிரிட்டனில் குடிவரவு ஆலோசனை ஆணையம், கனடாவில் குடிவரவு ஆலோசகர் கல்லூரி என்ற பதிவு அமைப்பு, ஆஸ்திரேலியாவில் குடிபெயர்வு முகவர் பதிவு ஆணையம். மூன்றும் பெயரைத் தேடிப் பார்க்கும் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கின்றன. விதியை அந்தந்த அரசின் இணையதளத்திலேயே நேராகப் படிக்கலாம், காசும் இல்லை. பிள்ளை அந்த ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாவிட்டால், அங்கே போய் வாடகை ஒப்பந்தத்தையும் வேலை ஒப்பந்தத்தையும் எப்படிப் படிக்கப் போகிறான் என்று நான் கவலைப்படுவேன்.

படி 7: கடைசிப் பருவம்

வேலை தேடுவதைப் படிப்பு முடிந்த பிறகு தொடங்கினால் 18 மாதத்தில் ஐந்தாறு மாதம் வீணாகும். ஒரு வருட முதுநிலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போக வேண்டும். பிரிட்டனின் பெரிய கம்பெனிகள் பல, பட்டதாரி வேலைக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பம் வாங்கிவிடுகின்றன. வெளிநாட்டு ஆளுக்குப் பொறுப்பேற்க உரிமம் உள்ள கம்பெனிகளின் பட்டியலை அந்நாட்டு உள்துறையே வெளியிடுகிறது. அதில் இருக்கும் கம்பெனிகளுக்கு முதலில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

தேர்வு முடிவுக்கு இரண்டு மாதம் முன்பே விசாக் கட்டணம் தனிக் கணக்கில் இருக்கட்டும். கனடா, ஆஸ்திரேலியா என்றால் அந்த நேரத்திலேயே சரியான ஆங்கிலத் தேர்வை எழுதி முடித்திருக்க வேண்டும். முகவரி மாறினால் பல்கலைக்கழகத்துக்கும் விசாக் கணக்கிலும் சொல்ல வேண்டும். வேலை நேர வரம்பை, பிரிட்டனில் பருவக் காலத்தில் வாரம் 20 மணி, கனடாவில் வளாகத்துக்கு வெளியே 24 மணி, ஒரு மணிகூடத் தாண்ட வேண்டாம். கையில் காசாக வாங்கினாலும் தாண்டியது தாண்டியதுதான். அடுத்த விசா விண்ணப்பத்தில் அது எழும்.

படி 8: விசா முடிய ஆறு மாதம் இருக்கும்போது

அந்த நாளை இப்போதே நாள்காட்டியில் குறியுங்கள். பொறுப்பேற்கும் கம்பெனி அதற்குள் அமையவில்லை என்றால், பிள்ளையிடம் கோபப்படாமல் பேசுங்கள். ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்து விசா முடிந்தும் தங்குவது, தெரியாத ஆளிடம் காசு கொடுத்து வேலைக் கடிதம் வாங்குவது, இரண்டும் பல வருடத் தடையில் கொண்டுபோய் விடும். பணி அனுபவச் சான்று, சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, மேலாளரின் பரிந்துரைக் கடிதம் எல்லாவற்றையும் அங்கே இருக்கும்போதே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பெங்களூரிலும் சென்னையிலும் மட்டுமில்லை, தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ இருக்கிறது. வெளிநாட்டு அனுபவத்தோடு வருகிறவர்களுக்கு நம் பக்கமும் வாசல் உண்டு.

அதே வாரத்தில் அப்பா வங்கிக்கு வர வேண்டும். தவணை தவறிய பிறகு வந்தால் எங்களால் செய்ய முடிவது குறைவு. தவறுவதற்கு முன், விசா முடியும் தேதியையும் பிள்ளையின் வேலை நிலவரத்தையும் எழுதி, தவணைக் காலத்தை நீட்டித்து மாதத் தொகையைக் குறைக்கக் கேட்டு ஒரு கடிதம் கொடுத்து, பிரதியில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.